அமலியின் ஓடிபி நோட்டு

கோயமுத்தூர் புலியகுளத்தில் அமலியின் வீட்டு அலமாரியில் மூன்று நோட்டுகள் உண்டு. முதலாவதில் கோயில் பாட்டுகள். இரண்டாவதில், கணபதி என்ற பகுதியில் அவள் வேலை செய்யும் மோட்டார் பட்டறையின் விவரங்கள்: எந்த மோட்டாருக்கு என்ன கனத்தில் செம்புக் கம்பி, ஒரு காயில் சுருளுக்கு எத்தனை சுற்று. மூன்றாவதில் ஆறு இலக்க எண்கள். இருபத்தாறு பக்கங்களுக்கு, வரிக்கு ஒன்றாக, ஆறு இலக்க எண்கள்.

பட்டறையில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். பதினெட்டு வருடமாக எண்ணி எண்ணிச் சுற்றியதில், எதையும் கட்டம் போட்டு எழுதாமல் அவளால் இருக்க முடிவதில்லை. மூன்றாவது நோட்டிலும் கட்டம் உண்டு. தேதி, ஓடிபி வந்த நேரம், எண், அனுப்பிய நேரம், திறந்ததா இல்லையா. கடைசியாக ஓர் அகலமான கட்டம்: இன்று என்ன பாடம்.

அந்த எண்கள் அவளுடைய தங்கை ஜெனிதாவின் பள்ளிக்கூடத்துக்கானவை.

ஜெனிதா வால்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஐந்து வகுப்பு, இருபத்தேழு பிள்ளைகள். முன்பு இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பிள்ளைகளில் பாதிப்பேரின் தாய் தகப்பன் வடக்கிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வந்தவர்கள். வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை. ஒரே ஆள் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவது?

ஜெனிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். யாரோ தருமமாகக் கொடுத்த டிவி ஒன்றும் டேப்லெட் ஒன்றும் பள்ளியில் இருந்தன. பெங்களூரில் ஒரு கம்பெனி, டீச்சர்கள் தாங்களே பாடம் எடுத்துப் போட்டு வைத்துக்கொள்ள ஒரு செயலியை இலவசமாகக் கொடுத்தது. அதில் நாலு வருடமாகத் தன் குரலிலேயே பாடம் பாடமாகப் பதிந்து வைத்தாள். வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை வைத்துக் கூட்டல் கழித்தல். கொழுந்து மூட்டையை எடை போட்டு பின்னம். ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்லி, அதையே பிள்ளைகள் வீட்டில் பேசுகிற பாஷையில் அவர்களையே சொல்ல வைத்து ஒரு பாடம். மொத்தம் நூற்று எண்பத்தாறு. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஒன்று இரண்டு வகுப்புகளுக்கு அவள் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுப்பாள். அந்தப் பாடங்கள்தான் பள்ளியின் இரண்டாவது டீச்சர்.

செயலி தினமும் காலையில் ஓடிபி கேட்கும். எஸ்டேட் ஆபீசிலிருந்து இழுத்த நெட் கேபிள் பள்ளிக்கு உண்டு. ஆனால் போனுக்கு டவர் கிடையாது. எஸ்எம்எஸ் வராது. அதனால் ஜெனிதா முதல் நாளே அக்காவின் நம்பரைக் கொடுத்துவிட்டாள். காலை ஒன்பது பத்துக்கு அமலியின் பட்டன் போன் பட்டறையில் ஒருமுறை அதிரும். அவள் சுற்றும் இயந்திரத்தை நிறுத்தி, எந்தச் சுற்றில் நிறுத்தினோம் என்று சாக்பீசால் மேசையில் குறித்துவிட்டு, ஆறு எண்களையும் நோட்டில் எழுதி, பிறகு டச் போனில் வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கூடவே கேட்பாள்: "இன்னிக்கு என்ன பாடம்?" ஜெனிதா ஒரு வார்த்தையில் பதில் போடுவாள். பின்னம். மழை. திசைகள். அதையும் எழுதிக்கொள்வாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மில்லுக்குப் போனவள் அமலி. அந்த ஒரு வார்த்தை, வகுப்பின் கடைசி பெஞ்சில் தானும் உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பைக் கொடுத்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கணவர் ஞானாபரணம் ஓர் ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "நான் ஒரு கேட்டத்தானுங்க காக்கறேன். என்ற ஊட்டுக்காரி வால்பாறையவே காக்கறா. அவ நம்பர் சொன்னாத்தான் அங்க கதவு தொறக்கும்."

பட்டறை முதலாளி கண்ணையாவும் விடமாட்டார். "அமலிம்மா, மணி ஒம்போது பத்து. மந்திரம் வந்துதா?"

போன வருடம் ஜூனில் அந்த மந்திரம் நின்றுபோனது. கம்பெனிக்காரர்கள் செயலியைப் புதுப்பித்தார்கள். ஒருமுறை உள்ளே போனால் போதும், தினமும் ஓடிபி வேண்டாம் என்றாகிவிட்டது. "உனக்குத் தொந்தரவு விட்டுச்சுக்கா" என்று ஜெனிதா சந்தோஷமாகச் சொன்னாள். அமலியும் "நல்லதாப் போச்சு கண்ணு" என்றாள். மறுநாள் ஒன்பது பத்துக்குக் கை தானாகவே இயந்திரத்தை நிறுத்தியது. ஒரு மாதம் வரைக்கும் அப்படி நிறுத்தினாள். பிறகு நிறுத்தவில்லை.

பட்டன் போனுக்கும் வேலை இல்லாமல் போனது. சிம் பழசாகிவிட்டது, கடைக்கு வந்து புது சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு போய்விடும் என்று மூன்று முறை செய்தி வந்தது. மாற்றி யாருக்கு என்ன பிரயோஜனம்? போனை அணைத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டாள். எதையும் எழுதி வைக்கிறவள், இதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை சாயங்காலம் ஜெனிதா வந்து நின்றாள். பரீட்சை முடிந்து பள்ளிக்கு லீவு. வழக்கமாக லீவு விட்டு ஒரு வாரம் கழித்துத்தான் வருவாள். பொள்ளாச்சி பஸ்ஸில் உக்கடத்தில் இறங்கி நேராக வந்திருக்கிறாள். முகம் வெளிறியிருந்தது. துண்டில் சுற்றிய டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரை வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பஸ்ல வாந்தி வந்துச்சா?"

"இல்லக்கா. நாளைக்கு இல்ல, நாளக் கழிச்சு இல்ல, புதன்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத்தையும் மூடறாங்களாம்."

"எத?"

டேப்லெட்டைத் திறந்து காட்டினாள். திரையில் சிவப்புப் பட்டை. சேவை ஏப்ரல் முப்பதோடு நிறுத்தப்படுகிறது, உங்கள் பாடங்களை அதற்குள் எடுத்துக்கொள்ளவும் என்று இருந்தது. கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு இந்தப் பாடங்கள் வேண்டாம். நேற்று இதைப் பார்த்துவிட்டு ஜெனிதா எதையோ அழுத்த, செயலி அவளை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போக ஓடிபி கேட்கிறது.

"நூத்தி எம்பத்தாறு பாடம்க்கா. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தா என்ற கையில ஒண்ணும் இருக்காது. மூணு மாசத்துக்கு முன்னாடியே மெசேஜ் அனுப்பிச்சிருக்காங்களாம். உன்ற பட்டன் போனுக்குத்தான் வந்திருக்கும். நீ பாக்கலையா?" ஜெனிதாவின் குரலில் கோபம் இல்லை. "சரி, இப்ப ஓடிபி அனுப்பச் சொல்றேன். பாத்துச் சொல்லு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அமலி அதை அணைக்கப் போவது போல எழுந்து போய், பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஜெனி, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்."

சொல்லி முடித்ததும் ஜெனிதா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். ஜெனிதா டேப்லெட்டைத் துண்டில் சுற்றினாள். நாலு மூலையையும் நிதானமாக மடித்தாள். "சரி விடுக்கா" என்றாள். "நம்பர மாத்திக் குடுங்கன்னு நான் அஞ்சு தடவ மெயில் போட்டேன். ஒருத்தனும் பதில் போடல. நீயாச்சும் மூணு வருசம் பதில் போட்ட." பிறகு கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

அமலி அந்தச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு டச் போனை எடுத்து, தன் பழைய நம்பருக்குத் தானே போன் போட்டாள். மணி அடித்தது. அடிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"யாருங்க?" ஓர் ஆண் குரல்.

"ஏனுங்க, நான் புலியகுளத்துலருந்து அமலி பேசறனுங்க. நீங்க வெச்சிருக்கறது என்ற நம்பருங்க."

"உங்க நம்பரா? நான் கடையில கைரேக வெச்சு வாங்குனதுங்க அம்மணி."

"ஆமாங்க, முன்னாடி என்கிட்ட இருந்துச்சு. இப்ப அதுக்கு ஒரு மெசேஜ் வருங்க. ஆறு நம்பரு. அத மட்டும் சொன்னீங்கன்னா போதும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு..."

"ஓடிபியா?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "என்னடா இந்த வாரம் ஒருத்தரையும் காணமேன்னு பாத்தேன். போன வாரம் கேஸ் ஆபீசு, அதுக்கு முந்தின வாரம் கரண்டு ஆபீசு. இப்பப் பள்ளிக்கூடமா? அடுத்தது கோயிலுங்களா?" போன் அறுந்தது. மறுபடி போட்டபோது போகவில்லை. தடுத்துவிட்டான்.

அப்போதுதான் டூட்டி முடிந்து வந்த ஞானாபரணம் தன் போனிலிருந்து முயன்றார்.

"வணக்கமுங்க. நான் அந்தம்மா ஊட்டுக்காரன் பேசறேன். ஆஸ்பத்திரியில வாட்ச்மேனுங்க."

"திருடனுக்கு வாட்ச்மேன் வேறயா? நல்ல குடும்பமுங்க."

"அய்யா, நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க."

"நெசமாவா? அப்பக் காரமடைக்கு நேர்ல வாங்க பாக்கலாம். தேரு நிக்கற தேர்முட்டிகிட்ட வந்து கறிவேப்பிலைத் தம்பிதுரைன்னு கேட்டாச் சின்னக் கொழந்தையும் காட்டும். ஆனா வரமாட்டீங்க. எனக்குத் தெரியும்." அதோடு அவருடைய நம்பரும் தடுக்கப்பட்டது.

ஞானாபரணம் போனைக் கீழே வைத்தார். "மானம் போச்சு."

அமலி பேனாவை எடுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: காரமடை, தேர்முட்டி, கறிவேப்பிலை, தம்பிதுரை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு அக்காளும் தங்கையும் காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார்கள். ஜெனிதா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தாளு கதவத் தொறந்தாலே பெருசுக்கா" என்றாள். அமலியின் மடியில் பை, பையில் மூன்றாவது நோட்டு. அதை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஓடிபி வந்தால் எழுத வேண்டுமே என்ற பழக்கம்தான்.

காரமடையில் முதலில் கேட்ட பூக்கடைக்காரியே வழி சொன்னாள். தெருவின் முனைக்குப் போவதற்கு முன்பே வாசம் வந்தது. ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலைக் கட்டுகள். நாலு பெண்கள் உட்கார்ந்து கொத்துகளைச் சேர்த்து நாரால் கட்டிக்கொண்டிருந்தார்கள். எடை மெஷின் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், தலையில் துண்டு, நின்றுகொண்டிருந்தார்.

"தம்பிதுரை நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. எத்தன கட்டு வேணும்?"

"கட்டு வேண்டாமுங்க. ஓடிபி வேணும்."

கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. தம்பிதுரை துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். "வந்தே போட்டீங்களா?"

"வரச் சொன்னீங்களே."

பின்னாலிருந்து அவர் மனைவி வெங்கடலட்சுமி சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லா வேணும் உங்களுக்கு. யாரு கூப்புட்டாலும் ஊரு பேரு தொழிலெல்லாம் சொல்லி வெறுப்பேத்தறது. ஒக்காருங்கம்மா. மொதல்ல மோர் குடிங்க."

ஜெனிதா எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்டேட், பிள்ளைகள், டேப்லெட், புதன்கிழமை ஆறு மணி. பள்ளியின் படத்தையும் தன் அடையாள அட்டையையும் காட்டினாள். தம்பிதுரை கேட்டார். நடுவில் இரண்டு முறை தலையாட்டினார். கடைசியில், "இந்தக் கம்பெனி பேருல மூணு மாசமா மெசேஜ் வந்துட்டேதானுங்க இருந்துச்சு. நேத்துக் கூட ஒண்ணு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன்" என்றார். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஆனா ஓடிபி நான் சொல்ல முடியாதுங்க."

"ஏனுங்க?"

தம்பிதுரை மனைவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேஸ் ஆபீசிலிருந்து என்று ஒருவன் பேச, இவர் ஆறு எண்ணைச் சொல்லிவிட்டார். மகள் பிரீத்திகாவின் காலேஜுக்கென்று பேங்கில் சேர்த்து வைத்தது அரை நிமிஷத்தில் போய்விட்டது. "அன்னிக்கே ரங்கநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிச் சூடத்த அணைக்க வெச்சேன். இனி யாருக்கும் வாயால ஓடிபி சொல்றதில்லன்னு சத்தியம். கேக்கறது நானா இருந்தாலும் சொல்லக் கூடாது."

"பொண்ணு?" என்று ஜெனிதா கேட்டாள்.

"ஒரு வருசம் ஊட்ல இருந்தா. அப்பறம் சேத்தோம்."

ஜெனிதா டேப்லெட்டை எடுத்துத் துண்டில் சுற்றத் தொடங்கினாள். அந்த மடிப்பைப் பார்க்க அமலிக்குத் தாளவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து எடை மெஷின் மேல் வைத்தாள்.

"அது என்ற நம்பர்தான்னு இதப் பாத்தாவது நம்புங்க. சொல்ல வேண்டாம். பாத்தாப் போதும்."

வெங்கடலட்சுமிதான் பக்கம் புரட்டினாள். தேதி, நேரம், எண், அனுப்பிய நேரம், திறந்தது, திறக்கவில்லை, என்ன பாடம். ஐந்நூற்றுச் சொச்சம் வரிகள். ஓர் இடத்தில் 'காய்ச்சல், இரண்டு நிமிடம் தாமதம்' என்று கூட எழுதியிருந்தது.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். "ஓடிபி திருடறவ யாராச்சும் காய்ச்சல்ல லேட்டானத எழுதி வெப்பாளா?"

கட்டுக் கட்டும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். தம்பிதுரை சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக்கொண்டே போனார். நாலைந்து பக்கம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொட்டகையின் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் தெருவைப் பார்த்தபடியே. "அவங்கவங்க நம்பர அவங்கவங்க பாத்துக்குங்க."

ஜெனிதா அக்காவின் டச் போனிலிருந்து டேப்லெட்டுக்கு நெட் எடுத்து, ஓடிபி அனுப்பச் சொன்னாள். மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. போன் ஒருமுறை அதிர்ந்தது. அமலி ஆறு எண்களையும் முதலில் நோட்டில் எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த ஜெனிதா அதைப் பார்த்துத் தட்டினாள். திறந்தது.

ஆனால் திறந்ததோடு முடியவில்லை. பாடங்களை எடுத்துக்கொள்ளும் பொத்தானை அழுத்தியதும், உங்கள் கோரிக்கை கிடைத்தது, ஏழு வேலை நாட்களில் அனுப்பி வைப்போம் என்று வந்தது. மூடுவதற்கு இருப்பது நாலு நாள். அதில் ஒன்று இன்று. ஜெனிதா கறிவேப்பிலைச் சாக்கின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அமலிக்குப் பிடிக்கவில்லை.

"ஓடவாச்சும் செய்யுதா?"

"ஓடும். பாக்கலாம். எடுக்க முடியாது. திரையப் பதிவு பண்ணவும் விடமாட்டேங்குது."

"பாக்க முடிஞ்சா, அதக் கேமராவுல புடிக்க முடியாதா?"

முடியும். ஒரு பாடத்தை டேப்லெட்டில் ஓடவிட்டு, எதிரில் போனை நிறுத்திப் படம் பிடிக்கலாம். பன்னிரண்டு நிமிடப் பாடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நூற்று எண்பத்தாறு பாடத்துக்கு? அமலி மனத்துக்குள் போட்டாள். முப்பத்தேழு மணி நேரம். அதோடு, மூடும் வரை மூன்று மணி நேரத்துக்கொருமுறை மறுபடி ஓடிபி கேட்போம் என்று திரையில் போட்டிருந்தது. தம்பிதுரையின் போனை விட்டுத் தூரமாகப் போக முடியாது.

வெங்கடலட்சுமி கொட்டகைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையைத் திறந்துவிட்டாள். "காத்து வராது. ஆனா பிளக்கு இருக்கு."

அமலி கண்ணையாவுக்குப் போன் செய்து மூன்று நாள் லீவு கேட்டாள்.

"நீங்களா? லீவா?" என்றார் அவர். "அமலிம்மா, கோயமுத்தூர்ல இன்னிக்கு மழ நிச்சயம்." விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எடுத்துக்குங்க. இதெல்லாம் நம்ம தொழில் மாதிரிதானே. மோட்டார் எரியுது, சுத்தறோம். மறுபடி எரியுது, மறுபடி சுத்தறோம். அதுக்குப் போயி அழ முடியுமா?"

அழ முடியாதுதான். ஆனால் சுற்றுகிறவளுக்குத்தான் தோள் வலிக்கும் என்று அமலி நினைத்துக்கொண்டாள்.

ஜெனிதா முதல் பாடத்தை எடுத்தாள். அமலி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒண்ணுலருந்து வரிசையாப் போனா எல்லாம் முடியாது, கண்ணு. முடியாதது கடைசியில நிக்கும். கடைசியில எது நிக்கணும்?"

"எனக்கு எல்லாமே வேணும்க்கா."

"எனக்குத் தெரியும். இரு." நோட்டைத் திறந்து, கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக் கோடு போட்டு எண்ணத் தொடங்கினாள். எந்தப் பாடம் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பது அங்கே இருந்தது. பின்னம் முப்பத்தொரு தடவை. இரு பாஷை வார்த்தைப் பாடங்கள் இருபத்தாறு, இருபத்திரண்டு. கடிகாரம் பதினெட்டு. ஜெனிதா ஆசையாக வேலை செய்து எடுத்த 'நட்சத்திரங்கள்' ஒரே ஒரு தடவை. சில பாடங்கள் நோட்டிலேயே இல்லை. பதிந்ததோடு சரி.

ஜெனிதா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மாசம் ராப்பகலா உக்காந்து எடுத்தது அந்த நட்சத்திரம்" என்றாள்.

"தெரியும். அன்னிக்கு நீ போட்ட பதில்ல ஒரு பூப் படம் கூட இருந்துச்சு. ஆனா பிள்ளைங்க பின்னத்தத்தானே கேக்கறாங்க."

வேலை ஆரம்பித்தது. சாக்குகளை அடுக்கி மேசையாக்கினார்கள். ஒருவர் பாடத்தை ஓடவிட, ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டார். பேசக் கூடாது, தும்மக் கூடாது. ஒரு பாடம் முடிந்ததும் அமலி நோட்டின் பின்பக்கத்தில் வரிசை எண் போட்டு ஒரு டிக் அடிப்பாள். அறை முழுக்கக் கறிவேப்பிலை வாசம் ஏறி, மதியத்துக்குள் இருவருக்கும் தலைவலி வந்துவிட்டது. வெளியே எடை மெஷின் கீச்சிடும். கேரளாவுக்குப் போகும் லாரி பின்னால் வந்து ஹாரன் அடிக்கும். வெங்கடலட்சுமி பழக்க தோஷத்தில் கத்துவாள்: "மூணு மூட்ட ஏத்தியாச்சுங்களா?" எல்லாம் பாடத்தோடு சேர்ந்து பதிந்தது. திரும்ப எடுக்க நேரமில்லை.

மூன்று மணி நேரத்துக்கொருமுறை தம்பிதுரை வந்து போனைச் சாக்கின் மேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். இரண்டாம் நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே பாடத்தைக் கேட்க ஆரம்பித்தார். "டீச்சர், அந்தக் கொழுந்து மூட்டையில முக்கால் பங்குன்னு சொன்னீங்களே, அது தப்பில்லீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். ஜெனிதா மறுபடி போட்டுப் பார்த்தாள். தப்பில்லை. ஆனால் அவர் எடை போடுகிறவர். சாக்கின் எடையைக் கழிக்கவில்லையே என்றார். அது நியாயம்தான்.

இரவு புலியகுளம் திரும்பி, விடிந்ததும் மறுபடி பஸ். செவ்வாய்க்கிழமை திரும்பும் பஸ்ஸில் ஜெனிதா அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன்வகிட்டில் நரை தெரிந்தது. பன்னிரண்டு வயது சின்னவள். அவள் டீச்சர் டிரெய்னிங் முடித்து வாங்கிய சான்றிதழ் எந்தக் கவரில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று அமலிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அவள் எப்போது நரைத்தாள் என்று மட்டும் தெரியவில்லை. சாயிபாபா காலனி வந்தபோது தோள் மரத்துப்போயிருந்தது. அசைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு, நூற்று முப்பத்திரண்டாவது பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அது திசைகள். திரைக்குள் ஜெனிதா மலையைக் காட்டி, "சூரியன் எந்தப் பக்கம் வருதோ..." என்றாள். திரை வெள்ளையானது. நன்றி, உங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி என்று ஒரு வரி. பிறகு அதுவும் இல்லை.

"ரெண்டு நிமிசம் இருந்துச்சே" என்றாள் ஜெனிதா.

அமலி நோட்டில் நூற்று முப்பத்தொன்றுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். 132 என்று எழுதி, பக்கத்தில் 'பாதி' என்று எழுதினாள்.

புறப்படும்போது வெங்கடலட்சுமி ஆளுக்கொரு கட்டுக் கறிவேப்பிலை கொடுத்தாள். அமலி அதை வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன பென் டிரைவைத் தம்பிதுரையிடம் நீட்டினாள். மதியமே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கடைக்குப் போய், அதுவரை எடுத்ததையெல்லாம் ஏற்றி வாங்கி வந்திருந்தாள். "மத்ததையும் அப்பறம் ஏத்தித் தாரேன். ஒரு பிரதி எங்க ஊட்ல, ஒண்ணு பள்ளிக்கூடத்துல, ஒண்ணு உங்க பீரோவுல. ஓரிடத்துல போனா ஓரிடத்துல இருக்கும்."

"என்கிட்டயா?"

"நம்பர் உங்ககிட்டதானே இருக்கு. பத்திரமா வெச்சிருக்கீங்களே."

தம்பிதுரை அதை வாங்கி உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு ஓடிபி கேக்காதுங்களே?"

"கேக்காது. ஆனா இதுவும் எத்தன வருசம் ஓடும்னு தெரியாதுங்க. வருசா வருசம் எடுத்து ஓட விட்டுப் பாக்கணும். அடுத்த ஏப்ரல்ல போன் பண்றேன். தடுத்துப்போடாதீங்க."

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே ஜெனிதா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். பின்னம் நன்றாக ஓடுகிறதாம். லாரி ஹாரன் வரும் இடத்தில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்களாம், "மூணு மூட்ட ஏத்தியாச்சுங்களா" என்று. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இந்த வருடம் முதலில் படித்த தமிழ் வாக்கியம் அதுதான்.

"மீதி அம்பத்தஞ்சு?" என்றாள் அமலி.

"பாக்கலாம்க்கா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒண்ணு ரெண்டு எடுக்கறேன். நட்சத்திரம் வேண்டாம்னு நெனைக்கிறேன்." பின்னால் பிள்ளைகளின் சத்தம். "அக்கா, இன்னொண்ணு. நிர்வாகத்துல புதுசா ஒரு செயலி வந்திருக்கு. வருகைப் பதிவு, மார்க்கு எல்லாம் இனி அதுலதானாம். இந்த வருசம் இது, அடுத்த வருசம் என்னவோ. ஓடிபிக்கு நம்பர் கேக்கறாங்க. இங்க இன்னும் டவர் வரல."

அமலியின் கை நிறைய செம்புக் கம்பியின் வார்னிஷ் ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"தொந்தரவா இருந்தா வேண்டாம்க்கா. வேற யாராச்சும்..."

"எந்த நம்பர் குடுக்கற?"

"உன்ற டச் போன் நம்பர்தான்."

"இரு. அதுல எத்தன நாளைக்குக் காசு போட்டிருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன். கண்ணையாகிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும், காலைல ரெண்டு நிமிசம் மெஷின நிறுத்தறதுக்கு."

போனை வைத்துவிட்டு மூன்றாவது நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். இருபத்தேழாம் பக்கம் காலியாக இருந்தது. அளவுகோல் இல்லை. மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டுக்குள் காயிலைத் தள்ளும் மூங்கில் பட்டையை வைத்து நேராகக் கோடு போட்டாள். தேதி, நேரம், எண், அனுப்பிய நேரம், திறந்ததா. கடைசிக் கட்டத்தை எப்போதும் போல அகலமாக விட்டாள். இந்த முறை இன்னொரு கட்டமும் சேர்த்தாள், தலைப்பில் 'சிம் உயிரோடு இருக்கிறதா' என்று எழுதினாள்.

"அமலிம்மா" என்று கண்ணையா கூப்பிட்டார், "மணி ரெண்டாகப் போகுது."

"வாரனுங்க" என்றாள். தோளை ஒருமுறை சுழற்றிவிட்டு எழுந்தாள்.